தேதி போடாத டிக்கெட்

வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை அவன். மேலே மூன்று அக்காமார். நடு அக்காக்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெவ்வேறு திசையில் போய்விட்டார்கள். பெரியக்கா மட்டும் கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இவனோடேயே இருந்துவிட்டாள். இவனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பாதி ஊருக்கு அவன் பெயர் தெரியாது, லிஃப்டுக்காரன் என்றால்தான் தெரியும். சொந்தத்திலும் அப்படியே ஆகிப்போனது. "லிஃப்டுக்காரன் வந்தானா? சாப்பிட்டானா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் குறை. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்டுப் பெட்டி நின்றுபோய், உள்ளே நாலு பேர் கதவைத் தட்டுகிறார்கள் என்று போன் வந்தால் போதும், வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் ஓடுவான். அவனோடு வேலை பார்க்கிற கூட்டாளி ஒருத்தன் உண்டு. எப்போது பார்த்தாலும் அரைக்கண் மூடியிருக்கும், அதனால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். "தூங்குமூஞ்சி போகட்டுமே, நீங்க சாப்பிடுங்க" என்று பெண்டாட்டி சொல்வாள். "அவனை நம்பியா? மாட்டிக்கிட்டவன் வெளிய வர்றதுக்குள்ள அவனுக்குத் தாடி முளைச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவான்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது தீம் பார்க்குக்கு மூன்று டிக்கெட் வாங்கினான். பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று. அந்தக் காலத்தில் டிக்கெட்டில் தேதி போடுவதில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். நீல யானை ஒன்று தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரிப் படம் போட்டிருக்கும். போகிற நாளன்று விடியும் முன்பே எழுந்து பெண்டாட்டி ரொட்டி செய்து, முட்டை அவித்து, தண்ணீர்ப் புட்டியெல்லாம் நிரப்பி வைத்துவிட்டாள். குழந்தை ஷூவைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் போன் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பெட்டி நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். லீவு போட்டவன்தான். வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அரை மணி நேரத்துல வந்திருவேன், பாப்பா ஷூவைக் கழட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பியது சாயங்காலம்.

பெண்டாட்டி அழவில்லை, கத்தவில்லை. "எவனெவனோ மாட்டிக்கிட்டான்னா ஓடுறீங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க மாட்டிக்கிட்டு இருக்கோம், அது உங்க காதுல விழுகவே மாட்டேங்குதே" என்று மட்டும் கேட்டாள். கேட்டது அன்றைக்குத்தான் என்றாலும் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த கேள்வி அது. அடுத்த வாரம் பிள்ளையோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. விவாகரத்தாகி, பிறகு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருத்தரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர்தான். சின்னப் பிள்ளைதானே, அவரை அப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

வருஷத்துக்கு நாலைந்து தடவை மகளைப் பார்க்கப் போவான் லிஃப்டுக்காரன். மாமா என்று கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருக்கும் அவனுக்கு. எதுவுமே கூப்பிட மாட்டாள். "இந்தாங்க." "இங்க பாருங்க." "கேக்குதா?" எல்லாம் மொட்டை மொட்டையாகத்தான். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. யார் வீட்டுப் பெரியவருக்கோ கொடுக்கிற மரியாதை.

இப்போது அவளுக்குப் பதினாறு. கண்ணாடிக்கடைக்காரர் வேறு தேசத்தில் கடை போடுகிறார், குடும்பத்தோடு போகிறார்கள் என்று சேதி வந்தது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்க மகளை அவனோடு அனுப்பிவைப்பதாக அவள் தாய் சொல்லியனுப்பினாள்.

அன்றைக்குத்தான் கருவிப் பையின் உள்பையிலிருந்து அந்த மூன்று டிக்கெட்டையும் எடுத்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்து வருஷமாகத் தோளிலேயே சுமந்திருக்கிறான். எண்ணெய் படவில்லை. யானை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"என்னடா இது?" என்றாள் பெரியக்கா.

"தேதி போடலக்கா. செல்லும்."

"டிக்கெட்டு செல்லும். பிள்ளை அதே பிள்ளையாடா?"

அவன் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. போவதற்குள் ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா? வேறு எதையும் அவன் கேட்கவில்லை. அதையும்கூட வாய்விட்டுக் கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

கிளம்பும்போது தன் போனை எடுத்துப் பெரியக்கா கையில் கொடுத்தான். "இது இங்கேயே கிடக்கட்டும். இருந்தாத்தானே ஆபீஸ்லேர்ந்து கூப்பிடுவான்."

"கூப்பிட்டா எடுத்து என்ன சொல்ல?"

"செத்துட்டான்னு சொல்லு."

"வாயைக் கழுவு. நான் பாத்துக்கறேன், போ."

பார்க் வாசலில் டிக்கெட்டை நீட்டினான். உள்ளே இருந்த பெண் அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். எந்திரத்தில் வைத்தாள். எந்திரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "இது எங்க பார்க்கு டிக்கெட்டே இல்ல சார். எங்களுக்கு யானையே கிடையாதே" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மகள் நாலடி தள்ளிப்போய், யாரோடோ வந்தவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவும் இல்லையென்றால் இந்த நாளை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

நல்லவேளையாக நரைத்த மேற்பார்வைக்காரர் ஒருவர் வந்தார். டிக்கெட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, யானை! இந்த யானை வேஷத்துக்குள்ள ரெண்டு வருஷம் வெந்தவன் நான்" என்றவர், "தேதி இல்லேன்னா செல்லும். ஆனா குழந்தை டிக்கெட்ல இவங்க போக முடியாதே. எங்க, இங்க வாம்மா" என்று சுவரில் வரைந்திருந்த உயரக் கோட்டைக் காட்டினார். கோடு அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மேற்பார்வைக்காரர் சிரித்தார். "பெரியவங்க டிக்கெட்டுதான் ரெண்டு இருக்கே. இன்னொண்ணு யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு" என்றாள் மகள். காலையிலிருந்து அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

அவள் தாய் டிக்கெட்டில் அவள் உள்ளே போனாள். குழந்தை டிக்கெட் மட்டும் கிழிபடாமல் அவன் சட்டைப்பையில் தங்கிவிட்டது.

மத்தியானம் வரைக்கும் ஒட்டியும் ஒட்டாமலும் சுற்றினார்கள். அவன் ஏதாவது கேட்பான், அவள் 'ம்' என்பாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொன்னான், அதற்கும் 'ம்'தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்து நீட்டினான், அவள் காகிதத் தட்டில் வைக்கச் சொன்னாள். சின்ன வயசிலும் அவன் வலக்கையால் ஊட்டினால் வாங்கமாட்டாள். அந்தக் கட்டைவிரலில் நகம் இருக்காது, என்றைக்கோ லிஃப்டுக் கதவில் மாட்டி நசுங்கிப் போனது. "இந்த விரலுக்கு மூஞ்சி இல்ல, எனக்கு வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது சொன்னால் அவளுக்கு நினைவிருக்குமோ என்னவோ. அவன் சொல்லவில்லை.

பிறகுதான் அந்தக் கோபுரத்துக்கு வந்தார்கள். பத்துப் பதினைந்து மாடி உயரம். சுற்றிலும் நாற்காலிகள். ஆட்களை உட்காரவைத்துக் கட்டி, ரோப்பு போட்டு உச்சிக்குத் தூக்கி, அங்கிருந்து பொத்தென்று விடுகிறார்கள். மகள் கண்ணில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "இதுல ஏறணும்" என்றாள்.

காலமெல்லாம் பெட்டி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் பிழைப்பு. இங்கே விழுவதற்கென்று வரிசையில் நிற்கிறார்கள். அண்ணாந்து பார்த்தான். மேலே சக்கரம் சுற்றும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. நேரே போய் எந்திரத்தை ஓட்டுகிறவனிடம் நின்றான்.

"தம்பி, ரோப்பு காஞ்ச மாதிரி சத்தம் வருதே. எப்ப எண்ணெய் போட்டீங்க? யாரு பாக்குறா?"

"சார், தினம் காலையில பாக்குறாங்க. வரிசையில நில்லுங்க."

"இல்ல தம்பி, நான் லிஃப்டு வேலை பாக்குறவன். ஒரு நிமிஷம் நிறுத்து, நான் ஒரு எட்டு மேல போய்ப் பாத்துடறேன்."

"பாத்து? வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்களா?"

வரிசையே சிரித்தது. நாற்காலியில் கட்டுண்டு உட்கார்ந்திருந்த ஒரு தடித்த ஆள், "யோவ், எங்களை இறக்கிட்டாவது பேசுங்கய்யா!" என்று அலறினார். மகள் முகம் சிவந்துபோயிற்று. பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் பாக்குறாங்க. வாங்க."

"நீ இதுல ஏறக்கூடாது. நான் விடமாட்டேன்."

"விடமாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?"

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே ஒரு கணம் திகைத்துத்தான் நின்றாள். பிறகு விறுவிறுவென்று கூட்டத்துக்குள் நடந்துவிட்டாள். அவன் அறைவாங்கியவன் போல அங்கேயே நின்றான். சுதாரித்துக்கொண்டு ஓடுவதற்குள் ஆள் எந்தப் பக்கம் போனாள் என்றே தெரியவில்லை.

தேட ஆரம்பித்தான். வாத்துப் படகு விடுகிற குளம், பொம்மை ரயில், குதிரை ராட்டினம், பஞ்சுமிட்டாய்க் கடை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். கால் வலித்தது, நாக்கு வறண்டது. காவல்காரன் ஒருத்தனைப் பிடித்து, "என் பிள்ளையைக் காணோம்" என்றான்.

"குழந்தை எவ்வளவு உயரம் சார்?"

கையை இடுப்புக்கு நேரே வைத்துக் காட்டினான். வைத்த பிறகுதான் தன் கையையே பார்த்தான். மெல்ல மெல்ல அதைத் தூக்கிக் காதுவரைக்கும் கொண்டுபோனான். காவல்காரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பெரிய பொண்ணா? அப்பப் போன் போடுங்களேன்."

"போன் வீட்ல இருக்கு."

"நம்பராவது தெரியுமா?"

நம்பரும் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. யாரும் கூப்பிடக்கூடாது என்று வைத்துவிட்டு வந்தானே, அந்த யாரும் என்பதற்குள் தன் மகளும் அடக்கம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதற்கு நடுவில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருந்தது. காணாமல் போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்டவனும் வந்து நிற்பான் என்று அங்கே அடையாளம் மட்டும்தான் சொல்வார்கள். "சாம்பல் நிறச் சட்டை அணிந்த, நடுத்தர வயதுள்ள அப்பாவை அவர் மகள் தேடுகிறார். அறிவிப்பு அறைக்கு வரவும்." ஒரு தடவை சொன்னார்கள், மறுதடவையும் சொன்னார்கள். லிஃப்டுக்காரன் காதிலும் விழுந்தது. எவனோ ஒரு பொறுப்பில்லாத தகப்பன் என்று நினைத்துக்கொண்டான். ஐஸ்கிரீம் கடையோரம் சாம்பல் சட்டையில் ஒருத்தர் நிற்பதைப் பார்த்ததும், தன் கவலைக்கு நடுவிலும் அவரிடம் போய், "உங்க மக உங்களைத் தேடுது போல, போங்க சார். பிள்ளை பயந்திருக்கும்" என்று வேறு சொன்னான்.

அந்த ஆள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு மூணும் பையனுங்கய்யா. உங்க சட்டை என்ன நிறம், அதைப் பாருங்க முதல்ல."

குனிந்து பார்த்தான். அவன் சட்டையும் சாம்பல்தான். அப்போதும் அவன் மனசு நம்பவில்லை. இந்தக் கூட்டத்தில் சாம்பல் சட்டைக்கா பஞ்சம்? அவனை அப்பா என்று தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. அறிவிப்புக்காரி யாரிடமோ ஏதோ கேட்பது லேசாகக் கேட்டது. பிறகு சொன்னாள்: "அப்பாவின் வலது கை கட்டைவிரலில் நகம் இருக்காது."

கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தான். பிறகு ஓடினான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்காகக்கூட அவன் அப்படி ஓடியிருக்க மாட்டான்.

அறிவிப்பு அறை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. இவனைக் கண்டதும் எழுந்து ஒரு பிடி பிடித்தாள்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறது? காது கேக்கல? போனை எவனாவது வீட்ல வச்சுட்டு வருவானா? சொல்லுங்க, வருவானா?"

"என்னையா கூப்பிட்டாங்க?"

"வேற யாரை?"

"நீ என்னன்னும்மா சொன்னே அவங்ககிட்ட?"

அவள் கீழே பார்த்தாள். "என்னத்தைச் சொல்றது? எங்கப்பாவைக் காணோம்னு சொன்னேன்."

அதையும் அறிவிப்பு அறைச் சன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள். அவனிடம் சொன்னதாக ஆகாது. அவனைப்பற்றி இன்னொருத்தியிடம் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனாலும் அதைப்பற்றி எதையாவது பேசினால் அது கலைந்துவிடும் என்று பயந்து, "கோபுரத்துல ஏறிட்டியா?" என்றான்.

"இல்ல."

"வா, ஏறலாம்."

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கட்டிப் போட்டார்கள். மேலே போகப்போக ஊரே சுருங்கியது. விழும்போது இவள் நம்மை எப்படிக் கூப்பிடுவாள் என்று அந்தக் கலவரத்திலும் அவன் மனசு ஒரு கணக்குப் போட்டது. உச்சியில் ஒரு நொடி நின்றது. விட்டார்கள். "அம்மா!" என்று அலறினாள் மகள். அதே நேரத்தில் பக்கத்திலிருந்து இன்னொரு "அம்மா!" கிளம்பியது. அது அவன் குரல்.

தரைக்கு வந்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களும் அம்மான்னுதான் கத்துனீங்க!"

"வேற எப்படிக் கத்துறது?" என்றான் அவன்.

"ரோப்பு சத்தம்?"

"இருக்கு. ஆனா அறுந்துபோற சத்தமில்ல. நான்தான்…" என்று நிறுத்திக்கொண்டான்.

பொழுது சாயும் நேரம் கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் காரோடு நின்றார். "வாங்க சார். ரொம்பக் கூட்டமா?" என்று அன்பாக விசாரித்தார். இவனும் தலையாட்டினான். மகள் கார்ப்பக்கம் போனவள், "அப்பா!" என்று கூப்பிட்டாள்.

லிஃப்டுக்காரன் சட்டென்று திரும்பிவிட்டான். முகமெல்லாம் மலர்ந்து, "என்னம்மா?" என்றே கேட்டுவிட்டான்.

"பின்கதவைத் திறங்க, பையை வைக்கணும்" என்று அவள் சொன்னது கண்ணாடிக்கடைக்காரரிடம். அந்த மனிதர் சங்கடப்பட்டுப்போய், சாவியைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் துழாவினார். லிஃப்டுக்காரன் சாலைக்கு அந்தப்புறம் ஏதோ பெரிய வேடிக்கை நடப்பதுபோலக் கண்ணை அங்கே நட்டுக்கொண்டான். ஒலிபெருக்கி அவனைத் தேடித் தேடி அழைத்தபோது தலை நிமிராதவன், அவனுக்கில்லாத அழைப்புக்குத் திரும்பினான்.

மகள் பார்த்துவிட்டாள். பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு அவன் சட்டைப்பையில் கையை விட்டு அந்தக் குழந்தை டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.

"இதுலயும் தேதி போடலதானே?"

"போடல. ஆனா நீ அந்தக் கோட்டைத் தாண்டிட்டியேம்மா."

"இருக்கட்டும், எங்கிட்டயே இருக்கட்டும். உங்ககிட்ட இருந்தா, போற அன்னைக்குன்னு பாத்து எவனாவது லிஃப்டுல மாட்டிக்குவான்."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிடவில்லை. கார் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் நகமில்லாத கையைத்தான் ஆட்டிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது பெரியக்கா வாசலிலேயே இருந்தாள். பிள்ளை என்ன சொன்னாள், சாப்பிட்டாளா, சிரித்தாளா என்று துருவித் துருவிக் கேட்டாள். இவன் கேட்டதற்கு மட்டும் சொன்னான். பிறகு அவள் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மத்தியானம் உங்க ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டான்டா. ஏதோ கட்டடத்துல பெட்டி நின்னுபோச்சாம், உள்ள ஒரு தாயும் பிள்ளையும் இருக்காங்களாம். எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஆனாலும் விடல. அவன் மககூடப் போயிருக்கான், வேற ஆளைப் பாருன்னு வச்சுட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? தூங்குமூஞ்சி போனானாம். நான் துணியைக் காயப்போட்டுட்டு வர்றதுக்குள்ள இறக்கிட்டோம்னு அவனே போன் பண்ணான். பிள்ளைக்கு மிட்டாய்கூட வாங்கிக் குடுத்தானாம், பெருமையாச் சொல்றான்."

லிஃப்டுக்காரன் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். பெரியக்கா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். ரொட்டி அடுக்கிய பையும் ஷூ போட்ட குழந்தையுமாக அந்தப் பழைய காலைநேரம் அவன் கண்முன்னே வந்து நின்றது. அதே படிதான்.

தண்ணீரோடு வந்த அக்கா, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள்.

"அன்னைக்கும் தூங்குமூஞ்சி வேலையிலதான்க்கா இருந்தான்" என்றான் அவன்.